மண்ணிற் புதைந்த பொருள்

'பொருள்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு கருத்துகள் உண்டு. கையால் எடுக்கத்தக்க பண்டமும் பொருள். சொல்லால் உணரத்தக்க கருத்தும் பொருள். மண்ணிற் புதைந்த பழம் பண்டத்தைத் தேடிச் செல்வோர் பலர். அப்பண்டம் உணர்த்துங் கருத்தைத் தேடுவோர் சிலரே. பண்டம் கைக்கு வந்தும் கருத்துக் கெட்டொழிதல் எங்ஙனம் நிகழ்கின்றது, இரண்டையும் ஒருங்கே பெறுதற்கு வழி யாது என்பனவே இக்கட்டுரையில் ஆராயப் புகுந்தவை. சென்ற கோடை விடுமுறையில் யாம் நண்பர் அறுவர் உலோகங்காண் கருவி ஒன்றைக் கைக்கொண்டு, கும்பினி ஆட்சிக்காலத்து எச்சங்களைத் தேடி, கரிசற்காட்டுத் தோப்பு ஒன்றில் மூன்று நாள் உழைத்தோம். அங்குக் கண்டனவும், அதன்பின் யாம் பயின்று அறிந்தனவும் ஈண்டுத் தொகுத்துரைக்கப்படும்.

கருவியின் இயல்பு

மெட்டல் டிடெக்டர் என வழங்கும் இக்கருவியில் மாயம் ஒன்றுமில்லை. நீண்ட கோலின் அடியில் வட்டத் தட்டொன்று உண்டு. அதனுட் செப்புக்கம்பிச் சுருள்கள் அமைந்துள்ளன. ஒரு சுருளின் வழியே மாறு மின்னோட்டம் செல்லுங்கால், அதனைச் சூழ்ந்து மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலம் தோன்றி மண்ணுட் பரவுகின்றது. அங்கு உலோகம் கிடப்பின் அதனுட் சுழல் மின்னோட்டம் எழும். அவ்வோட்டம் தானும் ஒரு சிறு காந்தப்புலத்தைப் பிறப்பிக்க, அதனை மற்றொரு சுருள் உணர்ந்து ஒலியாக்கி நம் செவிக்கு அறிவிக்கின்றது. மைக்கேல் பாரடே 1831-ஆம் ஆண்டிற் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படையாம்.

இக்கருவி புதையல் தேடுதற்கென்று பிறந்ததன்று. 1881-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 2-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டார். உடலினுள் தங்கிய குண்டு எவ்விடத்தது என்று அறியாமல் மருத்துவர் இடர்ப்பட்டபோது, தொலைபேசியை இயற்றிய அலெக்சாந்தர் கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றைக் கொண்டு அதனைத் தேடினார்; முயற்சி பயன்படவில்லை. தலைவரும் செப்டம்பர்த் திங்கள் 19-ஆம் நாள் உயிர் துறந்தார். பின்னர் இரண்டாம் உலகப் போரின்போது, யோசெப் கொசாட்ஸ்கி என்னும் போலந்து நாட்டுப் படைத்துறை அறிஞர் கண்ணிவெடிகளைக் கண்டறியும் கருவியை 1941-ஆம் ஆண்டையொட்டி அமைத்தனர். 1942-ஆம் ஆண்டில் எல் அலமெயின் போர்க்களத்தில் அது பயன்பட்டது. ஒருவரது உயிரைக் காத்தற்கும், பின்னர்ப் பல்லாயிரவர் உயிரைக் காத்தற்கும் கையாளப்பட்ட கருவியே இக்காலத்துப் புதைபொருள் நாடுவோர் கையை அடைந்தது.

இதன் எல்லையையும் உணர்தல் வேண்டும். உலோகம் உண்டு என்று கருவி கூறும். அஃது இன்னதென்று உறுதியாகக் கூறாது. எக்காலத்தது என்று ஒருபோதும் கூறாது. நேற்று எறிந்த சோடா மூடியும் நூறாண்டுக்கு முன் வீழ்ந்த காசும் அதன் செவிக்கு ஒப்ப ஒலிக்கலாம். வகுத்தறிதல் மாந்தர் கடமை.

யாம் தேடிய இடம்

நண்பருட் சிலர் முதலில் தரங்கம்பாடிக்கே செல்ல விழைந்தனர். அவ்விருப்பம் இயல்பே. 1620-ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று டேனிஷ்காரர் அங்குக் கோட்டை எழுப்பினர். 1845-ஆம் ஆண்டில் அவ்வூரை ஆங்கிலக் கும்பினிக்கு விற்றனர். இடையில் ஈயத்தாலும் செம்பாலும் தமக்கெனக் காசுகளை அடித்து வழங்கினர். 1706-ஆம் ஆண்டில் அங்கு வந்திறங்கிய சீகன்பால்குவின் தமிழ்த்தொண்டு நம்மனோர் யாவரும் அறிந்தது. ஆயினும் காப்புக்குரிய தொல்லிடத்தில் உரிய இசைவின்றி அகழ்தலைச் சட்டம் விலக்குகின்றது. அவ்விலக்கு நன்றென்பதே எம் கருத்து. ஒரு கோட்டையின் மண் ஒரு முறையே படிக்கத்தக்க ஏடு. படிக்கும்போதே கிழிந்துபோகும் ஏடுமாம். அதனைப் படித்தற்கு முறையாகப் பயின்ற கைகள் வேண்டும்.

ஆதலின், எம் நண்பர் ஒருவருடைய தாத்தாவின் புளியந்தோப்பைத் தேர்ந்தோம். தூத்துக்குடி நோக்கிச் செல்லும் பழஞ்சாலையை ஒட்டியது அது. ஊரார் அதனை முசாபரித் தோப்பு என்பர். முன்னாளில் வழிச்செல்லும் துரைமார் தங்கும் முசாபரி பங்களா அங்கிருந்தது என்றும், துரையின் குதிரை லாயம் வடகோடியில் நின்றது என்றும், கலகத்துக்கு அஞ்சிய ஒரு துரை வராகன் நிறைந்த குடத்தைப் புதைத்துச் சென்றார் என்றும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். இன்று அங்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. தாத்தா எம்மை முகமலர்ந்து வரவேற்று, "குடம் கிடைத்தால் உங்கள் கல்லூரிக்கு ஒரு பங்கு" என்று நகைத்தார். எனினும் குதிரை லாயம் என்று சொல்லுங்கால் அவர் குரலில் நகைப்பு இல்லை. தம் குடும்ப நிலத்தின் பெருமையாகவே அதனைக் கருதினார்.

தோண்டுமுன் சில நெறிகளை வகுத்துக்கொண்டோம். தோப்பின் வடபாதியைக் கயிறு கட்டி ஆறடிச் சதுரங்களாகப் பிரித்தோம். ஒலி கேட்ட ஒவ்வோர் இடத்தையும் தோண்டுதற்கு முன்பே ஏட்டில் வரைந்த படத்திற் குறித்தோம். ஒரு சாண் ஆழத்துக்கு மேல் மண்ணைக் கலைப்பதில்லை என்றும், எடுத்த குழியை அப்பொழுதே மூடுவது என்றும், கிடைத்தது குப்பையேயாயினும் எழுதாது விடுவதில்லை என்றும் உறுதி செய்துகொண்டோம்.

முதல் நாளே ஒரு வழக்கு எழுந்தது. இக்கருவிகளுட் பலவற்றில் இரும்பின் ஒலியை மட்டும் அடக்கிவிடும் அமைப்பு உண்டு. பொன்னும் வெள்ளியும் செம்பும் தேடுவோர்க்கு ஆணிகளால் தொல்லை நேராமைப்பொருட்டு அது வைக்கப்பட்டது. எம்முள் ஒருவர், "துருப்பிடித்த இரும்பைத் தோண்டியே விடுமுறை கழிந்துவிடும், அதனை அடக்கிவிடுக" என்றார். மற்றொருவர், "எதனை வேண்டாவென்று முன்னரே முடிவு செய்கின்றோமோ, அதனை ஒருகாலும் அறியமாட்டோம்" என்று மறுத்தார். நெடுநேரம் சொல்லாடியபின் இரும்பின் குரலையும் கேட்பதென்று முடிந்தது.

கிடைத்தவை

மூன்று நாளில் 61 இடங்களிற் கருவி ஒலித்தது. அவற்றுள் 27 இடங்களிற் சோடா மூடி, வெள்ளித் தாள், கம்பித் துண்டு முதலிய அண்மைக்காலக் கழிவுகள் கிடைத்தன. காசுகள் மூன்று: 1835 என்னும் ஆண்டு பொறித்த கும்பினிக் கால் அணா ஒன்று, விக்டோரியா அரசியின் உருவுடைய 1862-ஆம் ஆண்டுக் கால் அணா ஒன்று, 1957-ஆம் ஆண்டு நயா பைசா ஒன்று. எழுத்தோ குறியோ இல்லாத பித்தளைப் பொத்தான் ஒன்றும் அகப்பட்டது. எஞ்சிய 30 இடங்களிலும் இரும்பே. அவற்றுள் 13 ஆணிகள். 17 தேய்ந்த சிறு தகடுகள். வராகன் குடம் கிடைக்கவில்லை.

கும்பினிக் காசை எடுத்த பொழுது தோப்பு முழுதும் ஆரவாரம் எழுந்தது. அதனை ஒவ்வொருவரும் கையில் வாங்கிப் பார்த்தோம். இரும்புத் தகடுகளையோ ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஒரு சாக்கில் இட்டுத் திண்ணையில் வைத்தோம். மூன்றாம் நாள் மாலையிற் படத்தை விரித்துப் புள்ளிகளை எண்ணியபோதுதான் எம் கருத்து மாறியது.

தொல்காப்பியர் காட்டும் வழி

பல பொருள் குறிக்கும் ஒரு சொல்லைக் கேட்டவன் அதன் கருத்தை எங்ஙனம் துணிவான் என்னும் வினாவுக்குத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில் விடை பகர்ந்துள்ளார். வினையாலும் இனத்தாலும் சார்பாலும் அது தெளியப்படும் என்பது அவர் வகுத்த நெறி. 'மா' என்று வாளா கூறின் மரமோ விலங்கோ அறியோம். 'மா பூத்தது' என்புழி வினையால் மரமென்று தெளிகின்றோம். 'மாவும் பலாவும்' என்புழி உடன்வந்த இனத்தால் தெளிகின்றோம். சேணத்தைக் கையில் ஏந்தியவன் 'மாவைக் கொணர்க' என்றால், அவன் நிற்கும் சார்பால் குதிரையென்று தெளிகின்றோம். வகுப்பறையிற் பயின்ற இந்நெறி தோப்பிலும் பயன்படும் என்று யாம் எண்ணியதில்லை. ஆயினும் மண்ணிற் கிடந்த பண்டத்துக்கும் இம்மூன்றுமே விளக்காயின.

முதலாவது, வினை. பண்டம் யாது செய்தது? தகடுகளைக் கழுவிப் பார்த்த தாத்தா உடனே அவை மாட்டு லாடங்கள் என்றார். குதிரைக் குளம்பு பிளவுபடாதது. அதன் லாடம் வளைந்த ஒரே துண்டு. மாட்டுக் குளம்பு இரு பிளவினது; ஆதலின் காலுக்கு இரண்டாக ஒரு மாட்டுக்கு எட்டுத் தகடுகள் வேண்டும். எமக்குக் கிடைத்த பதினேழும் மாட்டினவே. அவை விளிம்பு தேய்ந்து மெலிந்திருந்தன. நெடுவழி நடந்த தேய்வு அது.

இரண்டாவது, இனம். உடன் கிடந்தவை யாவை? பதின்மூன்று ஆணிகளுள் ஒன்பது, நாற்பட்டையாய் நுனி நோக்கிக் குறுகியவை. இக்காலத்து எந்திர ஆணி உருண்டையான கம்பியால் ஆயது. நாற்பட்டை ஆணி கொல்லன் கையால் அடித்தது. வளைந்தும் முறிந்தும் கிடந்த அவ்வொன்பதும் லாடங்களின் இடையிலேயே கிடந்தன.

மூன்றாவது, சார்பு. எவ்விடத்துக் கிடந்தன? காசுகள் சாலையோரத்தில் ஒன்றுக்கொன்று எட்டக் கிடந்தன. லாடங்களோ பதினேழுள் பதினான்கு, வடகோடியில் இரண்டே சதுரங்களுள் நெருங்கிக் கிடந்தன. நடக்கும் மாட்டின் காலிலிருந்து தாமே கழன்று வீழ்ந்தவையாயின் வழிநெடுகச் சிதறியிருக்கும். ஓரிடத்திற் குவிந்தமையால், மாட்டைக் கயிறிட்டுச் சாய்த்துப் பழைய லாடத்தைப் பெயர்த்தெறிந்து புதியது கட்டிய களம் அதுவென்று கருதுகின்றோம். துரையின் குதிரை லாயம் என்று ஊரார் போற்றிய இடம் வண்டிக்காரர் மாடுகளுக்கு லாடம் கட்டிய இடமாயிற்று.

இதனாற் குதிரையே அங்கு வந்ததில்லை என்று சாதித்தல் கூடாது. யாம் தேடியது தோப்பின் ஒரு பகுதியே. இரும்பு விலையுடைய பண்டமாதலின் குதிரை லாடத்தைக் கொல்லன் மீட்டும் உருக்கக் கொண்டு சென்றிருக்கலாம். காசின் சான்றையும் அளவறிந்தே கொள்ளல் வேண்டும். 1835 என்று பொறித்த காசு அவ்வாண்டுக்கு முன் அங்கு வீழ்ந்திருக்க இயலாது. அதன்பின் பல்லாண்டு கைம்மாறிய பிறகு வீழ்ந்திருக்கலாம். லாடங்களோடு சேர்ந்து கிடவாமையால் லாடங்களின் காலத்தையும் அக்காசு உறுதிப்படுத்தாது. எனினும் கரிசற் பருத்தி தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மாட்டுவண்டிகளிலேயே சென்ற காலம் ஒன்று உண்டு. 1870-களின் நடுப்பகுதியில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இருப்புப்பாதை அமைந்தபின் அவ்வழக்கு மெல்லக் குறைந்தது. அவ்வண்டிகள் இளைப்பாறிய பேட்டைகளுள் இத்தோப்பும் ஒன்று எனல் பொருந்துவதேயாம்.

இம்முடிவைத் தாத்தாவிடம் உரைக்க எமக்குத் தயக்கமாயிருந்தது. குதிரை லாயத்தின் பெருமையைக் கவர்ந்துகொண்டு மாட்டு லாடத்தை ஈடாக அளிப்பவர்போல நின்றோம். அவர் ஒரு தகட்டைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "என் பாட்டனார் வண்டியோட்டியவர்தாம். அதைச் சொல்லிக்கொள்வதில் என்ன பெருமை என்று நாங்கள்தாம் விட்டுவிட்டோம்" என்றார். எம் ஏட்டின் படத்தைத் தமக்கும் ஒரு படி எழுதித் தருமாறு கேட்டார். இரும்பின் ஒலியை அடக்கியிருப்பின் அவர் பாட்டனார் எமக்கு ஒரு சொல்லும் உரைத்திருக்க மாட்டார்.

கடல் கடந்த ஒரு காசு

இடமறிந்து எடுத்த பண்டம் எத்துணைத் தொலைவு பேசும் என்பதற்கு மேல்நாட்டுச் சான்று ஒன்று காட்டுதும். அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்து மிடில்டவுன் என்னும் ஊரிற் பழப்பண்ணை ஒன்று உளது. 2014-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி ஆர்வலர் அங்கு உலோகங்காண் கருவியால் ஒரு சிறு வெள்ளிக் காசைக் கண்டெடுத்தார். அதன் எழுத்து அரபு, அடித்த இடம் ஏமன், ஆண்டு 1693. ஆங்கிலக் குடியேற்றமாக இருந்த நிலத்தில் ஏமன் நாட்டுக் காசு வந்தது எவ்வாறு?

1695-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், மெக்காவுக்குச் சென்ற பயணிகளுடன் சூரத்துக்கு மீண்டுகொண்டிருந்த கஞ்ச்-இ-சவாய் என்னும் மரக்கலத்தை ஹென்றி எவரி என்னும் ஆங்கிலக் கடற்கொள்ளைக்காரன் தாக்கிப் பெரும்பொருள் கவர்ந்தான். மரக்கலம் முகலாயப் பேரரசர் ஔரங்கசீபுக்கு உரியது. அவர் சினத்தால் சூரத்து நகரத்து ஆங்கில வணிகர் சிறைப்பட்டனர். எவரியோ அகப்படாமல் மறைந்தான். மிடில்டவுனிற் காசைக் கண்டவர் அதனை விற்றுவிட்டு அமையவில்லை. அது போன்ற அரபுக் காசுகள் நியூ இங்கிலாந்துப் பகுதியில் வேறு எங்கெங்குக் கிடைத்தன என்று வினவினார். பத்துக்கும் மேற்பட்டவை வெளிப்பட்டன. அவற்றையும் பழைய ஆவணங்களையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்து, கொள்ளையருட் சிலர் அமெரிக்கக் குடியேற்றங்களிற் புகுந்து வாழ்ந்தனர் என்னும் கருத்தை நிறுவ முயன்றார். இக்காசு ஒரு நாணயக் கடையிற் கிடந்திருப்பின் பழங்காசுகளுள் ஒன்றாய் முடிந்திருக்கும். கிடந்த வயலை இழவாமையால் சூரத்தையும் ஏமனையும் அமெரிக்காவையும் ஒரு நூலிற் கோத்தது.

சட்டமும் கடமையும்

புதைபொருள் கண்டெடுப்போர் நம் நாட்டுச் சட்டத்தை அறிந்திருத்தல் இன்றியமையாதது. 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையற் சட்டத்தின்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து உரூபா மதிப்புக்கு மேற்படின், கண்டவர் அதன் இயல்பு, மதிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை எழுத்து மூலம் ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். மறைப்பவர்க்கு ஓராண்டு வரை சிறையோ தண்டமோ இரண்டுமோ கிடைக்கும். முறையாக அறிவித்தவர்க்கு உரிய பங்கையும் அச்சட்டமே வகுத்துள்ளது. சென்னை அருங்காட்சியகத்தில் நாம் வியந்து நோக்கும் செப்புத் திருமேனிகளுட் பல, வயலிலும் தோட்டத்திலும் மண்வெட்டி பட்டு வெளிப்பட்டு, இச்சட்டத்தின் வழியே அங்கு வந்து சேர்ந்தவையாம்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் புதையலை அறிவிக்குமாறு பணிக்கின்றது. அதனோடு, சட்டத்துக்கு உட்படாத சிறு பண்டங்களையும் பொதுமக்கள் தாமே முன்வந்து பதிவு செய்தற்கு 1997-ஆம் ஆண்டில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பண்டங்கள், கிடைத்த இடத்தோடு, அதிற் பதிவாகியுள்ளன. பழங்காசின் மதிப்பு பத்து உரூபாவைக் கடத்தல் எளிதாதலின், எம் தோப்புக் காசுகளைக் குறித்தும் தாத்தா ஆட்சியருக்கு எழுதினார். அவ்வறிக்கையோடு எம் படத்தின் படி ஒன்றையும் இணைத்தோம். லாடங்களுக்கு விலை யாது என்று எழுதுவதெனச் சிறிது மயங்கி, முடிவில் 'விலையில்லை' என்று எழுதினார். அச்சொல்லுக்கும் இரு பொருள் உண்டு.

முடிவுரை

கூறியவற்றால், புதைந்த பண்டத்தின் உயிர் அது கிடந்த இடத்தில் உள்ளதென்பது போதரும். இடமறியாது பறித்தெடுத்த காசு, வாக்கியத்தினின்று பிரித்தெடுத்த சொல்லை ஒக்கும்; ஒலிக்கும், ஆயினும் உணர்த்தாது. பொன்னை மட்டும் நாடுவோன் இரும்பின் சொல்லைக் கேளான். நம் நாட்டில் மன்னரும் துரைமாரும் கல்லிலும் செம்பிலும் தம் பெயரைப் பொறித்துச் சென்றனர். வண்டியோட்டியவரும் லாடம் அடித்தவரும் துருவாகிய எழுத்தையே விட்டுச் சென்றனர். அவ்வெழுத்தைப் படிப்போர் மிகுதியாக வேண்டும்.

நண்பர்காள், இதற்குக் கருவி இன்றியமையாததன்று. விடுமுறையில் நும் ஊருக்குச் செல்லும்போது கிணறு தூர் வாருவோரும், கடைகால் தோண்டுவோரும், ஏர் உழுவோரும் எடுத்தெறியும் பண்டங்களைக் கண்டு, எவ்விடத்து, எத்துணை ஆழத்து, எவற்றோடு கிடந்தன என்று அன்றே ஓர் ஏட்டிற் குறித்து வைமின். இடத்தின் பெயரை ஊரார் எங்ஙனம் வழங்குகின்றனர் என்பதையும் உடன் எழுதுமின். முதியோர் கூறுங் கதையை எள்ளாது கேளுமின். கேட்டபின் மண்ணையும் ஒருமுறை கேளுமின். சொல்லின் பொருளைத் தெளியப் பயிலும் நமக்கு மண்ணின் பொருளைத் தெளிதலும் அயற்றொழில் அன்று.